ஒன்றரை ஆட்டம்

1984 ஜனவரி 8 — 128
1985 ஆகஸ்ட் 4 — 66
1987 பிப்ரவரி 22 — 31
1988 நவம்பர் 13 — 17
1990 ஜூன் 10 — 8

ஐந்தும் ஞாயிற்றுக்கிழமைகள். இடது பக்கம் உள்ளவை, மகள் கோபித்துக்கொண்டு தகப்பன் வீட்டுப் படியிறங்கிய தேதிகள். வலது பக்கம் உள்ளவை, அவள் மறுபடி வந்து அந்த வீட்டு நாற்காலியில் உட்கார எத்தனை நாள் ஆனது என்ற கணக்கு. பாத்திர அலமாரிக் கதவின் உட்பக்கத்தில், பென்சிலால், கோடு போட்டது போல ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரிக்குக் கீழே 4 என்று ஒரு எண் மட்டும், தேதி இல்லாமல் இருந்தது. அது இன்னும் நடக்காத சண்டைக்கு முன்கூட்டியே போட்ட நாலு.

எழுதியவர் பஸ் டிப்போவில், வண்டியின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் பிரிவில் மெக்கானிக். அங்கே அவருக்குப் பெயர் ‘ஒன்றரை’. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் புழங்கவில்லை.

பெயர் வந்த கதை சின்னது. பழுது பார்த்து முடித்த பஸ்ஸின் பின்சக்கரத்தை நாலு அங்குல மரக்கட்டைமேல் ஏற்றிச் சட்டென்று இறக்கச் சொல்வார். பஸ்ஸின் பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி, எழும்பி, பாதி அமுங்கி நின்றுவிட்டால் “ஒன்றரை” என்பார். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டு, இரண்டரை என்று ஆட்டம் நீண்டால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்துவிட்டது, கழற்று. ஆடவே ஆடாமல் கல் மாதிரி உட்கார்ந்து மெதுவாக எழுந்தாலும் கழற்று. எண்ணெய் கெட்டிப்பட்டுவிட்டது, அடுத்த பள்ளம் வருவதற்குள் வண்டி தன் நிலைக்குத் திரும்பாது.

அந்தச் சோதனைக்கு ஒரே ஒரு சட்டம். சக்கரம் கட்டையை விட்டு இறங்கிய பிறகு வண்டியை ஒருவரும் தொடக்கூடாது. படியில் ஒரு ஆள் சாய்ந்து நின்றாலும் போச்சு, எண்ணிக்கை கெட்டுவிடும். “ஆட்டிவிட்டாச்சு இல்ல? கையை எடு. இனிமே அது பாடு” என்று கத்துவார். சில டிரைவர்கள் அவரைச் சீண்டுவதற்காகவே ஒரு விரலைப் பஸ்மேல் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவரும் சளைக்காமல் மறுபடி கட்டைமேல் ஏற்றச் சொல்வார்.

இதெல்லாம் அவர் தானாகக் கண்டுபிடித்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரப் பயிற்சி வகுப்பு நடந்தது. வகுப்பு எடுத்தவர் ஒரு ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு, எடையில் ஒரு பேனாவைக் கட்டி, பக்கத்தில் தாள் சுற்றிய உருளையை ஓடவிட்டார். எடை மேலும் கீழும் ஆட, தாளில் மேடு பள்ளமாக அலை விழுந்தது. அடுத்து எடைக்குக் கீழே ஒரு தகட்டை மாட்டி, அதை எண்ணெய்க் கிண்ணத்துக்குள் மூழ்கவைத்து ஆட்டிவிட்டார். முதல் மேடு பெரிது. அடுத்தது அதில் பாதி. அதற்கடுத்தது பாதியில் பாதி.

“ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு குறையறதில்லை, கவனிங்க. மிச்சம் இருக்கறதுல ஒரே பங்கு குறையுது. வேகமா போனா எண்ணெய் அதிகமா எதிர்க்கும், மெதுவா போனா கொஞ்சமா எதிர்க்கும். அதனாலதான் இந்தக் கோடு இப்படி வழுக்கிக்கிட்டே இறங்குது.”

“அப்ப எப்ப சார் முழுசா நிக்கும்?” என்று ஒருவர் கேட்டார்.

“கணக்குப்படி நிக்கவே நிக்காது. கண்ணுக்குத்தான் நின்ன மாதிரி இருக்கும்.”

பிறகு அவர் ஒரு ஷாக் அப்சார்பரை எடுத்து, பிடியில் மாட்டி, ஐந்து நிமிடம் விடாமல் மேலும் கீழும் இழுத்து அழுத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதை வகுப்பில் சுற்றுக்கு விட்டார். அதன் உருளை வெதுவெதுப்பாக இருந்தது. “ஆட்டம் காணாம போகலை. எண்ணெய் அதை வாங்கிக்கிட்டுச் சூடாகுது. வாங்கிக்க ஒண்ணு இல்லைன்னா ஆட்டம் அடங்காது.”

ஒன்றரை இதையும் கற்றுக்கொண்டார், பஸ்ஸுக்கு மட்டும். அன்றிலிருந்து ஓடிக் களைத்து உள்ளே வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கு அடியிலும் குனிந்து நாலு உருளைகளையும் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருப்பது உழைக்கிறது. சில்லென்று இருப்பது செத்துவிட்டது. இருபத்தொன்பது வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகி ஏழாவது மாதம் முதல் சண்டை வந்தது. மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சொந்தமாகக் கடை வைக்கப்போவதாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

“எத்தனை வருஷ அனுபவம் மாப்பிள்ளை?”

“நாலு வருஷம் மாமா.”

“நாலு வருஷத்துல தேய்க்கத்தான் கத்துக்கலாம். கடை நடத்த வேற தலை வேணும். மூணு வருஷத்துல மூடிடுவீங்க.”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “யாராவது உங்ககிட்ட வருஷம் கேட்டாங்களா அப்பா?”

“கேட்டப்புறம் சொன்னா அது முகத்துக்காகச் சொல்றது. கேக்காமலே சொல்றதுதான் நிஜம்.”

“நல்லா வருவீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா தொண்டையில சிக்கிக்குமா?”

“உள்ளதைச் சொன்னேன். கசந்தா நான் என்ன பண்றது?”

மாப்பிள்ளை, “விடு, மாமா விளையாட்டுக்குச் சொல்றாரு” என்றார். ஒன்றரை உடனே, “விளையாட்டு இல்லை” என்றார். அதோடு சாப்பாடு முடிந்தது.

அவர்கள் போனதும் மனைவி வாசலில் நின்றபடி, “போய்க் கூப்பிடுங்களேன். தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டா” என்றாள்.

“வேண்டாம். ஆடிக்கிட்டிருக்கறப்ப கை வச்சா கெட்டுடும். தானா அடங்கும்.”

“அவ பஸ் இல்லைங்க.”

“எல்லாத்துக்கும் அதே கணக்குதான்.”

நூற்று இருபத்தெட்டாவது நாள் மகள் வந்தாள். நேரே தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, “வந்தியா? சாப்பிடு” என்றார். அன்று மாலைதான் அலமாரிக் கதவில் முதல் வரி ஏறியது.

இரண்டாவது சண்டை பேரக்குழந்தை இன்னும் பேசவில்லை என்று அவர் மாதக்கணக்குச் சொன்னதால் வந்தது. மூன்றாவது, மாப்பிள்ளையின் கடை மூடிய வாரத்தில். வாயே திறக்காமல் இருந்திருக்கலாம். அவர் திறந்தார். “மூணு வருஷம்னு சொன்னேன். ஒரு மாசம் கூடுதலா தாங்கியிருக்கு” என்றார். தன் கணிப்பில் இருந்த ஒரு மாதப் பிழையை நேர்மையாக ஒப்புக்கொண்டதாகவே அவர் நினைத்தார். நாலாவது, குழந்தைக்குக் கண்ணாடி போட்டபோது. “கடையில விக்காம தங்கின ஃபிரேமா இது?” என்று கேட்டார். ஐந்தாவது எதற்காக வந்தது என்று அவருக்கே நினைவில்லை. தேதியும் நாளும்தான் எழுதி வைத்திருந்தார், காரணத்தை எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை.

நாலாவது முடிந்தபோதே கணக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது. டிப்போவில் பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தையல்காரர்தான் அவருக்குப் பேச்சுத்துணை. டீ குடிக்கும்போது அவரிடம் சொன்னார்.

“நூத்தி இருபத்தெட்டு. அறுபத்தாறு. முப்பத்தொண்ணு. பதினேழு. பார்த்தியா? பாதி, பாதியில பாதி.”

“அப்ப அடுத்தது எட்டா அண்ணே?”

“எட்டு, இல்லைன்னா ஒம்பது.”

“நீங்க வானிலை ஆபீஸ்ல இருந்திருக்க வேண்டிய ஆளு. என் பொண்டாட்டி கோபத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க, புண்ணியமா போகும்.”

“உன் வீட்டுல நீ தினமும் தள்ளிக்கிட்டே இருக்கே. தள்ளுறதை நிறுத்தினாத்தான் எண்ண முடியும்.”

“நீங்க நிறுத்திட்டீங்களாக்கும்?”

“நான் தொடறதே இல்லை. அதான் ரகசியம்.”

ஐந்தாவது சண்டை எட்டாவது நாள் முடிந்தது. மகள் உள்ளே நுழைந்தபோது ஒன்றரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன்னைப் பார்த்த மகிழ்ச்சி என்று அவள் நினைத்தாளோ என்னவோ, அவளும் லேசாகச் சிரித்தாள். அவர் அலமாரியைத் திறந்து 8 என்று எழுதினார். கீழே 4 என்றும் எழுதினார். பாத்திரம் எடுக்க வந்த மனைவி அதைப் பார்த்தாள், தட்டை எடுத்தாள், கதவைச் சாத்தினாள்.

மனைவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு நிறைவாகாது. தையல் மெஷினையும் அடுப்பையும் விட்டு அவள் வெளியே போவது அக்கா வீட்டுக்கு மட்டும்தான். டிப்போ ஊழியர் குடும்பத்துக்குக் கொடுக்கும் இலவச பாஸ் அவளிடம் இருந்தது. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு, “அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேங்க” என்று கிளம்புவாள். இரண்டு பஸ் மாற வேண்டும். பொழுது சாயும்போது திரும்பிவந்து, கணுக்கால் வீங்க, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லை. பஸ்ஸுல ஒரே ஆட்டம்.”

“எந்த வண்டி? நம்பர் பார்த்தியா?”

அவளும் நம்பரைச் சொல்வாள். மறுநாள் அவர் அந்த பஸ்ஸைத் தேடிப் பிடித்து, அடியில் குனிந்து, நாலு உருளைகளையும் தொட்டுப் பார்ப்பார். நாலும் சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்து, “வண்டி நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் உட்காரத் தெரியலை, பின்சீட்டுல உக்காராதே” என்பார். அவள் சரி என்பாள். அவள் அக்கா வீட்டுக்குப் போன தேதிகளை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

1991 செப்டம்பர் 3 அன்று காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த மனைவி எழுந்திருக்கவில்லை. பல வருஷமாகவே ரத்த அழுத்தம் இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மகள் வந்து ஒரு வாரம் இருந்தாள். அந்த ஒரு வாரமும் தகப்பனும் மகளும் சண்டை போடவில்லை. இரண்டு பேருக்கும் அதற்குத் தெம்பு இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு. மகள் வந்து உள்ளறையை எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் தரையில் நாலு வட்டமான தடம் மட்டும் இருந்தது.

“அம்மா மெஷின் எங்கப்பா?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“டிப்போவுல சீட் தைக்கறவருக்கு. சும்மாதானே கிடந்துச்சு.”

“நாப்பது நாள்தான்பா ஆகுது.”

“நாப்பது நாள் சும்மா கிடந்தா உள்ள எண்ணெய் கெட்டியாயிடும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டா அழுவே.”

“அழுதா என்ன?”

கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் பொருள் ஆட்டத்தை நீட்டும், எடுத்துவிட்டால் சீக்கிரம் அடங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தார். தனக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதை அவர் சொல்லவில்லை.

“அதுல பாதி தைச்ச சட்டை ஒண்ணு மாட்டியிருந்துச்சு. என் பிள்ளையோடது.”

“பத்திரமா இருக்கு. நூலை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. மடிச்சு வச்சிருக்கேன்.”

மகள் அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டு போனாள். போய்க் கூப்பிடுங்களேன் என்று வாசலில் நின்று சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை.

நாலாவது நாள் வியாழக்கிழமை. அரை நாள் லீவு போட்டார். பாலும் பிஸ்கட்டும் வாங்கினார். மகளின் நாற்காலியைத் துடைத்து வைத்தார். இருட்டும்வரை பால் அடுப்பில் இருந்தது. ஏடு படிந்ததை எடுத்துப் போட்டுவிட்டுத் தானே குடித்தார்.

எட்டு நாள் ஆனது. பதினேழு ஆனது. முப்பத்தொன்றும் ஆனது. அடுத்த நாள் காலையில் ஒரு தெளிவு வந்தவர்போல் தையல்காரரிடம் போனார்.

“தப்பு கண்டுபிடிச்சிட்டேன். இது பழைய ஆட்டத்தோட தொடர்ச்சி இல்லை. அவ அம்மா போனது புது உதை. புது உதை விழுந்தா கணக்கு மறுபடி முதல்லேருந்து. நூத்தி இருபத்தெட்டு.”

தையல்காரர் ஊசியை நிறுத்தினார். “அண்ணே, அந்த மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க. இதான் சாக்குன்னு பொண்ணு வீட்டுல கொண்டுபோய் வச்சிட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க.”

“இப்ப போனா நூத்தி இருபத்தெட்டு கெட்டுடும்.”

“கெடட்டுமே! நீங்க என்ன பரீட்சையா எழுதறீங்க?”

“உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாதுதான். என் பொண்டாட்டி கோவிச்சிக்கிட்டா நான் எண்ணறதில்லை, காலைப் பிடிச்சிடறேன். கௌரவம் போயிடுது, ஆனா சாப்பாடு கிடைச்சிடுது.”

நூற்று இருபத்தெட்டாவது நாள் 1992 பிப்ரவரி 18, செவ்வாய். முழு நாளும் லீவு. அன்றும் பால் வாங்கினார். ஆனால் காய்ச்சவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, பிப்ரவரி 23, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றரை சோதனை நடக்கும்போது வண்டியைத் தொடக் கிளம்பினார். அதாவது, மகள் வீட்டுக்கு பஸ் ஏறினார்.

மாடியில் இரண்டு அறை வீடு. கல்யாணமான வருஷம் ஒரு தடவை வந்தது, அதற்குப் பிறகு இன்றுதான். மாப்பிள்ளை பிள்ளையை முடிவெட்டக் கூட்டிப் போயிருந்தார். மகள் கதவைத் திறந்தாள், வழிவிட்டாள், டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, “இந்தத் தடவை என்ன ஆச்சு?” என்று கேட்டார். “எப்பவும் அடங்கிடுமே.”

“எது?”

“உன் கோபம். ஒவ்வொரு தடவையும் பாதிப் பாதியா குறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. நூத்தி இருபத்தெட்டு, அறுபத்தாறு—”

“தெரியும். அலமாரிக் கதவுல எழுதி வச்சிருக்கீங்க. அம்மா சொல்லுவாங்க. ‘உங்கப்பா உன்னை பஸ்ஸாக்கிட்டாரு’ன்னு சிரிப்பாங்க.”

“எப்ப சொன்னா?”

“இங்க வந்தப்ப.”

“அவ அக்கா வீட்டுக்கில்ல போவா.”

“பெரியம்மா வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிசு. மத்ததெல்லாம் இங்கதான். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே இடத்துலதான்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நான் உங்களைத் திட்டறது எல்லாத்தையும் அம்மா கேட்டுக்குவாங்க. மணிக்கணக்குல. ஒரு வார்த்தை உங்களுக்காகப் பேச மாட்டாங்க, ஒரு வார்த்தை எனக்காகவும் பேச மாட்டாங்க. கடைசியில, ‘முடிஞ்சுதா? சரி, நாளைக்கு வா’ம்பாங்க. அவங்க முகத்துக்காகத்தான் வந்தேன். அலையக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்புறமும் வந்தாங்க. உங்ககிட்ட சொல்லாதேன்னு எனக்கு உத்தரவு.”

“அப்ப நாள் எப்படிக் குறைஞ்சுது?”

மகள் சொன்னாள்: “முதல் தடவை நீங்களே வருவீங்கன்னு அம்மா நாலு மாசம் காத்திருந்துட்டுத்தான் இங்க வந்தாங்க. அடுத்த தடவை ரெண்டு மாசம். அப்புறம் ஒரு மாசம். கடைசியில ஒரு வாரத்துக்கு மேல காத்திருக்கலை. குறைஞ்சது என் கோபம் இல்லப்பா. அம்மா உங்கமேல வச்சிருந்த நம்பிக்கை.”

அந்த நேரத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தப்பு பண்ணிட்டேன் என்றிருக்கலாம். சும்மா தலையைக் குனிந்திருந்தாலே போதும், அவள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஐம்பத்தேழு வருஷப் பழக்கம் வாயைத் திறந்தது.

“முதல் தடவை உங்கம்மா இங்க வந்தது மே பதிமூணா, பதினாலா?”

“இப்பவும் தேதியா கேக்கறீங்க?”

“சரியா தெரிஞ்சுக்கலாம்னு…”

“பதினாலு” என்றாள் மகள். எழுந்து, அவர் பாதி குடித்திருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. “கிளம்புங்கப்பா” என்றாள்.

திரும்பும் வழியில் பின்சீட்டுதான் கிடைத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் ஏறி இறங்கியது, ஒன்றரை ஆட்டத்தில் நின்றது. டிப்போ வாசலில் இறங்கியவர், ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதே பஸ்ஸுக்கு அடியில் குனிந்து உருளையைத் தொட்டார். கை பொறுக்காத சூடு. கையை எடுக்க மறந்து குந்தியிருந்தவரை, “என்ன அண்ணே, லீவு நாள்லகூடவா?” என்று டிரைவர் கேட்டார்.

தானாக அடங்கும் ஆட்டம் என்று ஒன்று கிடையாது. இதைப் பயிற்சி வகுப்பில் கையில் கொடுத்தே காட்டியிருந்தார்கள். வீங்கிய காலோடு ஒருத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவர் பஸ் நம்பர் கேட்டார். ஊரில் இருந்த உருளைகளை எல்லாம் தொட்டுப் பார்த்த கை, அவள் நெற்றியில் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. அவர் போட்ட கோட்டில் புள்ளிகள் எல்லாம் சரி, ஒரு நாள் பிசகவில்லை. எது குறைகிறது என்பதை மட்டும் எட்டு வருஷமாகத் தப்பாகப் படித்திருக்கிறார்.

அடுத்த வாரம் தையல்காரரிடமிருந்து மெஷினைத் திருப்பி வாங்கினார். தையல்காரர் கேலி எதுவும் செய்யவில்லை, தானே பிடித்துத் தூக்கி, மகள் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக் கட்டிக் கொடுத்தார். மகளிடமிருந்து தபால் கார்டில் ஒரு வரி வந்தது: ‘மெஷின் வந்து சேர்ந்தது.’

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு மகள் வீட்டுக்குப் போனார். மகள் கதவைத் திறந்தாள், டீ கொடுத்தாள், உடம்பு எப்படி என்று கேட்டாள். பேரன் கணக்குப் பாடம் காட்டினான். மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்துவிட்டு மரியாதையாகப் பேசினார். ஒரு சுடுசொல் கிடையாது. மூன்றாவது மாதத்தில், சில்லென்ற உருளையைத் தொட்டது போல, அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நவம்பரில் ஒரு ஞாயிறு, வேண்டுமென்றே, மாப்பிள்ளை எதிரிலேயே, “இன்னும் அடுத்தவன் கடையிலதான் தேய்ச்சுக்கிட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைப்பாள், யாராவது உங்ககிட்ட கேட்டாங்களா என்பாள் என்று காத்திருந்தார்.

“ஆமாம்பா” என்றாள் மகள். “இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமா?”

வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினார். எண்கள் இல்லாமல் அவர் எழுதிய முதல் கடிதம் அதுதான். நாலைந்து தாளைக் கிழித்துப் போட்ட பிறகு இப்படி எழுதினார்: ‘அம்மாவுக்கு நான் செய்தது மன்னிக்கக்கூடியது இல்லை. உனக்கு என்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று மட்டும் எழுது. இருந்தால் வந்து திட்டிவிட்டுப் போ. நான் கேட்டுக்கொள்கிறேன். எத்தனை மணி நேரம் ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.’

பதில் வரவில்லை. டிசம்பரில் போனபோது வீட்டில் பாதிச் சாமான் கட்டப்பட்டிருந்தது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஒரு கடையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. ஜனவரியில் போனபோது பூட்டியிருந்தது. கீழ்வீட்டுக்காரர், “போய் ஒரு வாரம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டார். தெரியும் என்றார் ஒன்றரை.

கடைசியில் வந்த கடிதத்தில் அனுப்புநர் விலாசம் இல்லை. முத்திரையும் மங்கியிருந்தது. மகள் எழுதியிருந்தாள்:

‘அப்பா, எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக யோசித்துப் பார்த்தேன். இல்லை. அம்மா இருந்தவரை இருந்தது, அவர்கள் போன பிறகு கொஞ்ச நாள் இருந்தது, இப்போது எவ்வளவு தேடினாலும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நேரில் வந்து திட்டியிருப்பேன், அதற்காகவாவது வந்திருப்பேன். நீங்கள் கேட்டுக்கொள்கிறேன் என்கிறீர்கள். சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் எழுதமாட்டேன்.’

ஒன்றரை அதை இரண்டு தடவை படித்தார். உறையைத் திருப்பி, பழக்கத்தால், பென்சிலை எடுத்து மூலையில் அது வந்த தேதியை எழுதினார்: 1993 மார்ச் 9.